எலிக்சிரின் & சுருக்கெழுத்து: சில மாம்பருவங்கள் பயன்படுத்திய பின்

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் உள்ள மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றின் எடை மேடைக் கணக்கைக் கவனிக்கும் மென்பொருளை எலிக்சிர் என்னும் நிரல்மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறேன். பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய வண்டிகள் வரிசைகட்டும் பருவத்தில் சேரும் எடைச் சீட்டுகளை வடிகட்டுவது, வரிசைப்படுத்துவது, கூட்டுவது ஆகியவையே அதன் முக்கால்வாசி வேலை என்பதால், பெயரற்ற செயற்கூறுகளை (தனிப்பெயர் இல்லாமல் தேவைப்படும் இடத்திலேயே எழுதும் சிறு நிரல்துண்டுகளை) & குறியால் சுருக்கி எழுதும் வசதியை நாள்தோறும் கையாள வேண்டியிருக்கிறது.

எஃப்என் என்று தொடங்கி எண்ட் என்று முடிக்க வேண்டிய முழு வடிவத்துக்குப் பதிலாக, சீட்டுகளை எடைவாரியாக அடுக்க & &1.எடை என்று மட்டும் எழுதினால் போதும்; குறியோடு சேர்ந்து வரும் 1 என்பது செயற்கூறு ஏற்கும் முதல் மதிப்பைக் குறிக்கும். (1.5 பதிப்பு முதல் மாறிகளுக்கும் புலங்களுக்கும் தமிழிலேயே பெயரிடலாம். எங்கள் நிரலில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.) செயற்கூறு ஏற்கும் மதிப்பு ஒன்றே ஒன்றாகவும், அது சீட்டுதான் என்பது பக்கத்திலேயே தெரிவதாகவும் இருக்கும்போது இந்தச் சுருக்கத்துக்கு ஈடில்லை.

மதிப்புகள் இரண்டானால் நிலைமை மாறுகிறது. சரக்கோடு நின்ற வண்டியின் எடைகள் ஒரு பட்டியலிலும், இறக்கிய பின் காலி வண்டியின் எடைகள் இன்னொரு பட்டியலிலும் இருக்க, இரண்டையும் இணையாகக் கோத்து நிகர எடை காணும் இடத்தில் &(&1 - &2) என்று எழுதினால் கணக்கு சரியாகவே வரும்; ஆனால் எது சரக்கோடு, எது காலி என்று அந்த வரி சொல்லாது. பட்டியல்களை யாரேனும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் நிரலைச் சரிபார்த்து இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் முணுமுணுக்கக்கூடச் செய்யாது, நிகர எடைகள் அத்தனையும் எதிர்மறை எண்களாகிவிடும். விவசாயிக்குப் பணம் பட்டுவாடா ஆவது அந்த எண்ணை வைத்துத்தான் என்பதால், அங்கே 'மொத்தம்', 'காலி' என்று அளபுருக்களுக்கு, அதாவது செயற்கூறு ஏற்கும் மதிப்புகளுக்கு, பெயரிட்டு முழு வடிவத்தில்தான் எழுதுகிறேன். வரிசை மாறினாலும் விடை மாறாத &(&1 + &2) போன்றவற்றுக்கு இந்தக் கண்டிப்பு தேவையில்லை.

ஒரு & சுருக்கத்துக்குள் இன்னொன்றை வைக்கக் கம்பைலர் அனுமதிப்பதில்லை; வைக்க முடிந்திருந்தால் &1 எதைக் குறிக்கிறது என்று படிப்பவர் திண்டாடியிருப்பார் என்பதால், இந்தத் தடையைக் குறையாக நான் கருதவில்லை. ஸ்காலா என்ற நிரல்மொழியில் சுருக்கத்துக்குப் பயன்படும் அடிக்கோடு ஒவ்வொன்றும் தனித்தனி மதிப்பு ஆகிவிடுவதால் ஒரே மதிப்பை இருமுறை பயன்படுத்த அந்த வடிவம் உதவாது; எலிக்சிரில் எண்ணிட்டிருப்பதால் &(&1 * &1) இயல்பாக அமைகிறது. வரும் மதிப்பின் வடிவத்துக்கேற்பச் செயற்கூறுக்கே பல கிளைகள் வேண்டுமென்றால் மட்டும் வேறு வழியில்லை, முழு வடிவத்துக்குப் போயாக வேண்டும். ஒரு செயற்கூறின் விடையை அடுத்ததற்கு அனுப்பும் குழாய்க்குறி வரிசையின் நடுவே பெயரற்ற செயற்கூறைச் செருகுவது முன்பு அடைப்புக்குறிகளின் குவியலாக இருந்தது. 2021இல் வந்த 1.12 பதிப்பின் 'தென்' என்னும் வசதி அதைச் சீராக்கிவிட்டது.

நீண்டகாலம் ஓடும் நிரலில்தான் புலப்படும் வேறுபாடு ஒன்றும் உண்டு. எலிக்சிர் நிரல்கள் ஓடும் எர்லாங் இயக்கச்சூழல், செயற்கூறுகளின் தொகுப்பான ஒரு மாட்யூலின் இரண்டு பதிப்புகளை மட்டுமே ஒரே நேரத்தில் வைத்திருக்கும். விலைக்கழிவு விதியை & சுருக்கமாக நினைவகத்தில் சேமித்து வைத்துவிட்டு, நிரலை நிறுத்தாமலேயே இருமுறை புதுப்பித்தால், அந்தச் சுருக்கம் சார்ந்திருந்த பழைய பதிப்பு நீக்கப்பட்டு, அழைக்கும்போது பிழை வரும். மாட்யூல் பெயர், செயற்கூறின் பெயர், சாய்கோட்டுக்குப் பின் அளபுருக்களின் எண்ணிக்கை என்று முழுமையாகக் குறித்துப் பிடித்த செயற்கூறோ ஒவ்வொரு அழைப்பிலும் புதிய பதிப்பையே தேடிப் பிடிக்கும். திரையில் அச்சிட்டுப் பார்த்தாலும் தன் பெயரோடு தெரியும். ஆகையால் உடனே பயன்படுத்தி முடிக்கும் இடங்களுக்கு & &1 வடிவத்தையும், சேமித்து வைக்கும் விதிகளுக்கு மாட்யூல் பெயரோடு கூடிய வடிவத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.