வேர்டு ஃபைல்ல சொல் எண்ணுற எக்செல் மேக்ரோ, ரொம்ப நாள் யூஸ் பண்ணவனோட அனுபவம்

புக் லேஅவுட் பண்ற ஃப்ரெண்டு ஒருத்தர், கலைச்சொல் ஒவ்வொண்ணும் புத்தகத்துல எத்தனை தடவ வருதுன்னு எக்செல்ல இருந்தே எண்ண முடியுமான்னு கேட்டாரு. தாராளமா முடியும், நான் வருஷக்கணக்கா அப்படித்தான் பண்றேன். ஏ காலம்ல சொல் லிஸ்ட்டு, பட்டன அமுக்குனா மேக்ரோ (வேலைய தானா செய்ற சின்ன புரோகிராம்) பின்னாடி வேர்ட தொறந்து மொத்த டெக்ஸ்ட்டையும் எடுத்து, அந்த சொல்ல நீக்குனா எத்தனை கேரக்டர் குறையுதுன்னு பாத்து, சொல்லோட நீளத்தால வகுத்து பி காலம்ல போட்டுரும். கன்ட்ரோல் எஃப்ல ஒண்ணொண்ணா தேடி நொந்தவங்களுக்கு இது வரம்.

ஆனா தமிழ்ல ஓட்டுனா கோவம் கோவமா வருது. மேக்ரோ எழுதுற விபிஏ எடிட்டர்ல தமிழ பேஸ்ட் பண்ணா வெறும் கேள்விக்குறிதான், 'க' வேணும்னா சிஎச்ஆர்டபிள்யூங்கற ஃபங்ஷன் போட்டு அதோட யூனிகோடு எண் (கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் இருக்கற எண்) 2965னு எழுதணும், இல்லன்னா செல்லுல இருந்து எடுக்கணும். சரி, அது பழகிரும். பழகவே பழகாதது இந்த ஒற்றைக்கொம்பு விஷயம். 'தொடர்'ல வர்ற ஒகரக்குறி சில ஃபைல்ல ஒரே யூனிகோடு எண்ணா, 3018ஆ இருக்கும், சில ஃபைல்ல கொம்பு தனியா 3014, கால் தனியா 3006ன்னு ரெண்டா கெடக்கும், கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, ஆனா மேக்ரோவுக்கு ரெண்டும் வேற வேற. பக்கத்துக்கு பக்கம் 'தொடர்' இருக்கு, செல்லுல 0ன்னு வந்து நிக்குது, எரர் மெசேஜ் கூட கெடையாது!! எரர் வந்தாலாவது என்னன்னு பாப்போம், தப்பான நம்பர் சத்தமில்லாம வந்தா யாரு பாப்பா? எண்றதுக்கு முன்னாடி ஃபைல், லிஸ்ட்டு ரெண்டுலயுமே 3014, 3006 ஜோடிய 3018ஆ ரிப்ளேஸ் பண்ணுங்க, ஓகாரத்துக்கு 3015, 3006 ஜோடிய 3019ஆ.

அப்புறம் 'கல்'னு தேடுனா கல்வி, கல்லூரி எல்லாம் சேந்துக்கும், 'மரம்'னு தேடுனா மரத்தை, மரத்துல ஒண்ணும் வராது, 'மர'ன்னு வெட்டுனா மரபும் மரணமும் வந்துரும். அடிக்குறிப்பு மெயின் டெக்ஸ்ட்டோட வராது, வேர்டு டாக்குமெண்ட்டோட ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியா தர்ற ஸ்டோரிரேஞ்சஸ்ல தனியா எடுக்கணும். கடைசில வேர்ட மூடுற க்விட் வரி போட மறந்தா வேர்டு டாஸ்க் மேனேஜர்ல உக்காந்துட்டே இருக்கும்.

தமிழ் புத்தகத்துக்கு இந்த நம்பர நம்பி அச்சுக்கு அனுப்பாதீங்கன்னு அவர்ட்ட கண்டிப்பா சொல்லிட்டேன். சொல்லிட்டு மேக்ரோவையும் அனுப்பிட்டேன், ஏன்னா முந்நூறு சொல்ல கையால எண்ண சொல்ல எனக்கு மனசு வரல. ரிப்ளேஸ் வரி ரெண்டையும் மட்டும் தயவுசெஞ்சு அழிச்சிராதீங்க.