பிரெக்ஸிட்டின் இழப்புக் கணக்கு: ஓ.பி.ஆர். தரும் பகுப்பாய்வுச் சேவை, ஒரு மதிப்பாய்வு

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் பிரிட்டன் இழந்தது எவ்வளவு என்று கேட்டால், நாடாளுமன்றத்திலும் நாளிதழ்களிலும் அடிக்கடி கிடைக்கும் விடை 4 விழுக்காடு என்பதாகும். அந்த எண்ணைத் தருவது, ஓ.பி.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம். 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 2011ஆம் ஆண்டின் சட்டத்தால் நிலைபெற்ற இந்த அமைப்பு, அரசுப் பணத்தில் இயங்கினாலும் அமைச்சர்களின் சொல்லுக்குக் கட்டுப்படாமல் நாட்டின் பொருளாதாரத்தையும் அரசின் வரவுசெலவையும் முன்கணிக்கும் கடமை கொண்டது. பிரெக்ஸிட் பற்றிய தன் அனுமானங்களை அது இணையதளத்தில் ஒரு தனிப்பக்கத்தில் திரட்டி வைத்திருக்கிறது. 2018 அக்டோபரில் வெளியிட்ட விவாதக் கட்டுரை, ஆண்டுக்கு இருமுறை வரும் பொருளாதார நிதிநிலை அறிக்கைகள், பழைய கணிப்புகளைத் திரும்பிப் பார்க்கும் மதிப்பீட்டு அறிக்கைகள் ஆகியவற்றையும் அதனோடு சேர்த்தே படிக்க வேண்டும். எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. லண்டனில் தமிழ் மளிகை மொத்த வணிகர்கள் சிலருக்குக் கணக்கெழுதும் தொழிலில் இருப்பதால், வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்கு விடை தேடி இந்தச் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். பொருளாதாரம் படித்தவர்களுக்கு மட்டுமின்றி, கடை நடத்துபவர்களுக்கும் இது எவ்வளவு உதவும் என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

முதலில் அந்த 4 விழுக்காட்டைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பொருளாதாரம் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பது அதன் பொருளன்று. ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் நாட்டின் உற்பத்தித்திறன், அதாவது குறிப்பிட்ட அளவு உழைப்பில் விளையும் உற்பத்தி, எந்த அளவை எட்டியிருக்குமோ, அதைவிட 4 விழுக்காடு தாழ்ந்த நிலையில், பதினைந்து ஆண்டுகளின் முடிவில் அது இருக்கும் என்பதே கணிப்பு. ஆகவே பொருளாதாரம் ஒவ்வோர் ஆண்டும் வளர்ந்துகொண்டிருக்கும்போதே இந்த இழப்பும் நேரலாம். வெளியேற்றத்தை ஆதரித்தவர்கள் வளர்ச்சிப் புள்ளிவிவரத்தைக் காட்டி இழப்பே இல்லை என்பதும், எதிர்த்தவர்கள் விலைவாசி உயர்வு முழுவதையும் இதன் தலையில் கட்டுவதும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை. ஓ.பி.ஆர். தன் பக்கத்தில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் அந்த எண்ணை மேற்கோள் காட்டுவோரில் பலர் அதற்கு அருகில் உள்ள வாக்கியத்தைப் படிப்பதில்லை.

கணிப்பின் உள்ளமைப்பு எளிமையானது. ஏற்றுமதி, இறக்குமதி இரண்டும் ஒன்றியத்தில் நீடித்திருந்தால் இருந்திருக்கும் அளவைவிட நீண்ட காலத்தில் சுமார் 15 விழுக்காடு குறையும் என்று அது கொள்கிறது. வணிகம் குறைந்தால், ஒரு நாடு தான் திறம்படச் செய்யும் தொழில்களில் ஆளையும் முதலையும் குவிப்பது தளர்கிறது. வெளிநாட்டுப் போட்டியின் அழுத்தம் குறைகிறது. அதன் வழியே உற்பத்தித்திறன் தாழ்கிறது. 2020 டிசம்பரில் கையெழுத்தாகி 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வணிக, ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் இருபுறமும் தீர்வை (இறக்குமதி வரி) இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. அப்படியிருக்க வணிகம் ஏன் குறைய வேண்டும் என்று கேட்பது நியாயமே. உறுப்பு நாடுகளுக்குப் பொதுவான விதிகள் கொண்ட ஒற்றைச் சந்தையையும், அவற்றுக்கிடையே சுங்கமில்லாத சுங்க ஒன்றியத்தையும் விட்டு வந்த பிறகு, சுங்கப் படிவம், சுகாதாரச் சான்றிதழ், எல்லைச் சோதனை, தரச்சான்று ஆகியவை ஒவ்வொரு சரக்குக்கும் செலவாகவும் தாமதமாகவும் வந்து சேர்கின்றன என்பதே அதற்கு விடை.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது அது தன் அனுமானங்களை மறைக்காமல் வைப்பதைத்தான். 4 விழுக்காடு என்பது தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று அது எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. வெளியார் நடத்திய 13 ஆய்வுகளின் சராசரி என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த இழப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, வெளியேறுவது பற்றிய 2016 வாக்கெடுப்புக்குப் பிந்திய நிச்சயமின்மையால் முதலீடு மந்தமானதன் வழியாக நேர்ந்துவிட்டது என்று அது மதிப்பிட்டது. தவறினால் திருத்திக்கொள்ளவும் செய்கிறது. புதிய குடிவரவு விதிகளின்கீழ் நிகரக் குடிவரவு (வந்தோர் தொகையிலிருந்து வெளியேறியோரைக் கழித்தது) ஆண்டுக்கு 1,29,000 என்ற அளவில் நிலைபெறும் என்று தொடக்கத்தில் கொண்டிருந்தது. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானோர் வந்த பிறகு, அந்த எண்ணைப் படிப்படியாக உயர்த்தி 2024 மார்ச்சில் 3,15,000 ஆக்கியது. அதே மார்ச் அறிக்கையில், வணிகம் பற்றிய தன் அனுமானம் எப்படி ஈடேறி வருகிறது என்பதையும் சோதித்துப் பார்த்தது.

இதன் அருமையை உணர, 2016இல் மக்களுக்கு வழங்கப்பட்ட மற்றக் கணிப்புகளை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஏப்ரலில் நிதியமைச்சகம் வெளியிட்ட நீண்டகால ஆய்வு, தனி ஒப்பந்தம் ஒன்றோடு வெளியேறினால் 2030 அளவில் மொத்த உள்நாட்டு உற்பத்தி 6.2 விழுக்காடு குறைவாக இருக்கும் என்றது. அதைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்டு இழப்பு என்று விளம்பரப்படுத்தினார்கள். மொத்த உற்பத்தியைக் குடும்பத்துக்கு வகுத்தால் வருவது குடும்ப வருமானம் அன்று. அந்தத் தொகை மக்கள் மனத்தில் ஏற்படுத்திய ஐயம் ஆய்வின் நல்ல பகுதிகளையும் சேர்த்தே கெடுத்தது. அடுத்த மாதம் வந்த குறுகியகால ஆய்வு அதைவிடப் பெரிய சேதத்தைச் செய்தது. வெளியேற வாக்களித்தால் உடனடியாகப் பொருளாதார மந்தம் வரும், வேலையற்றோர் தொகை ஏறத்தாழ ஐந்து இலட்சம் கூடும் என்று அது எச்சரித்தது. வாக்கெடுப்பு முடிந்த கையோடு பவுண்டின் மதிப்பு கடுமையாக விழுந்தது உண்மை. ஆனால் மந்தம் வரவில்லை. பாங்க் ஆஃப் இங்கிலாந்து 2016 ஆகஸ்டில் வட்டி விகிதத்தை 0.5இலிருந்து 0.25 விழுக்காட்டுக்குக் குறைத்துக் கடன்பத்திரங்களையும் வாங்கியது. வெளியேறும் அறிவிப்பும் உடனே தரப்படாமல் 2017 மார்ச் வரை தள்ளிப்போனது. இவற்றை எல்லாம் அந்த ஆய்வு கணக்கில் எடுத்திருக்கவில்லை. உடனடி அச்சம் பொய்த்ததைக் காட்டியே நீண்டகால இழப்பையும் பொய் என்று வாதிடும் வாய்ப்பு, வெளியேற்றத்தை ஆதரித்த எதிரணிக்குக் கிடைத்தது. இது எனக்கு இன்றும் வருத்தம் தரும் நிகழ்வு, ஏனெனில் அவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

எதிரணியிலும் கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். பிரிட்டன் ஒன்றியத்துக்கு அனுப்புவதாக அவர்களின் பரப்புரைப் பேருந்தில் எழுதப்பட்ட, வாரத்துக்கு 35 கோடி பவுண்டு என்ற எண்ணைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிரிட்டனுக்குரிய தள்ளுபடியைக் கழிக்காத மொத்தத் தொகை அது, புள்ளிவிவர ஆணையமே அதைக் கண்டித்தது. பொருளாதாரப் பேராசிரியர் பேட்ரிக் மின்ஃபோர்டின் வாதம்தான் பதில் சொல்லத் தகுந்த வாதம். வெளியேறிய பின் பிரிட்டன் தன் இறக்குமதித் தீர்வைகள் அனைத்தையும் தானாகவே நீக்கிவிட்டால் பொருள்களின் விலை வீழ்ந்து, மொத்த உற்பத்தி 4 விழுக்காடு அளவுக்கு உயரும் என்றார் அவர். அதன் விளைவாகப் பெரும்பாலான ஆலைத் தொழில்கள் மறைந்து போகலாம் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. பொருளாதார அறிஞர்களில் பெரும்பாலோர் அவர் கணக்கை ஏற்காததற்குக் காரணம், நாடுகளின் வணிகம் தொலைவு கூடக்கூடக் குறைகிறது என்ற நெடுங்கால அனுபவத்தை அது போதிய அளவு மதிக்கவில்லை என்பதே. எப்படியானாலும் எந்த அரசும் அந்த வழியில் செல்லவில்லை. செய்துகொண்ட புதிய ஒப்பந்தங்களின் பயனை அரசே மதிப்பிட்டபோது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆஸ்திரேலிய ஒப்பந்தத்துக்கு 0.08 விழுக்காடும், 2025 ஜூலையில் இந்தியாவோடு கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு 0.13 விழுக்காடும் வந்தன. இத்தகைய ஒப்பந்தங்கள் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் தரமாட்டா என்று ஓ.பி.ஆர். கொண்டது இந்த எண்களோடு பொருந்துகிறது.

இனிக் குறைகள். முதலாவது, சட்டத்தில் உள்ள குறை. அரசின் நடப்புக் கொள்கையை வைத்தே கணிக்க வேண்டும், மாற்றுக் கொள்கைகளை ஆராயக் கூடாது என்பது ஓ.பி.ஆருக்கு இடப்பட்ட வரையறை. ஆகவே 2016 ஜூன் 23க்கு முன்னால், மக்கள் இரு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பிய அந்த மாதங்களில், இந்தச் சேவை அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. வாக்களித்த பிறகு, அவ்வாண்டு நவம்பரில்தான், ஐந்தாண்டுகளில் அரசின் கடன் தேவை வெளியேற்ற முடிவால் ஏறத்தாழ 5,900 கோடி பவுண்டு கூடும் என்ற மதிப்பீடு அதனிடமிருந்து வந்தது. கட்சிச் சார்பற்ற ஒரு கணிப்பாளர் இருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் அவர் வாய் கட்டப்பட்டிருந்தது பெரும் இழப்பு என்றே கருதுகிறேன்.

இரண்டாவது, 13 ஆய்வுகளின் சராசரி என்பது ஒரு நடுநிலையான தெரிவுதானே தவிர, சோதித்து நிறுவப்பட்ட முடிவு அன்று. அந்த ஆய்வுகள் ஒப்பந்தம் எழுதப்படுவதற்கு முன்பே நடந்தவை. அதன்பின் கொள்ளை நோயும் உக்ரைன் போரும் எரிசக்தி விலையேற்றமும் அடுத்தடுத்து வந்ததால், எது எதனுடைய விளைவு என்று பிரிப்பது கடினமாகிவிட்டது. சரக்கு வணிகம் தளர்ந்திருக்கையில், ஆலோசனை போன்ற தொழில்சார் சேவைகளின் ஏற்றுமதி எதிர்பார்ப்பை மிஞ்சி வளர்ந்ததும் ஒரே எண்ணுக்குள் அடங்காத செய்தி. 15 விழுக்காடு என்ற மொத்தம் ஏறத்தாழச் சரியாகவே வந்தாலும், அதன் உள்ளடக்கம் எதிர்பார்த்ததிலிருந்து வேறுபடுகிறது.

எனக்கு மிகப் பெரிதாகப் படுவது மூன்றாவது குறை. இந்தச் சேவை முழு நாட்டையும் ஒரே வணிகராகப் பார்க்கிறது. ஒரு சுகாதாரச் சான்றிதழின் கட்டணம், கொள்கலன் நிறையச் சரக்கு அனுப்புபவருக்கும் பத்துப் பெட்டி அனுப்புபவருக்கும் பெரிதாக மாறுவதில்லை. 2024 ஏப்ரல் முதல் டோவர் துறைமுகம் வழியாகப் பிரிட்டனுக்குள் வரும் விலங்கு, தாவரப் பொருள்களுக்குச் சரக்குத் தொகுதி ஒன்றுக்கு 145 பவுண்டு வரை வசூலிக்கப்பட்ட பொதுக் கட்டணமும் அப்படித்தான். லண்டனிலிருந்து பாரிஸின் லா ஷப்பேல் பகுதித் தமிழ்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்பிவந்தவர்களுக்கு இன்னொரு தடையும் சேர்ந்தது. ஒப்பந்தத்தின் தீர்வையில்லாச் சலுகை, பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ விளைந்த அல்லது உருவான பொருளுக்கே உரியது. இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ பிரிட்டனுக்குள் இறக்கிச் சுங்கம் முடித்த பொருளை அப்படியே பிரான்சுக்கு அனுப்பினால் அச்சலுகை பொருந்தாது. தீர்வை உள்ள பொருளானால் இரண்டு எல்லைகளிலும் கட்ட நேரிடும். முன்பு லண்டன் கிடங்கிலிருந்து ஐரோப்பா முழுவதற்கும் பிரித்து அனுப்பிய வணிகம், இப்போது ஒன்றியத்துக்குள்ளேயே ஒரு துறைமுகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. ஓ.பி.ஆரின் பக்கங்களில் இதற்கான எண்ணைத் தேடினால் கிடைக்காது.

அதற்கு வேறிடம் செல்ல வேண்டும். லண்டன் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 16,400 நிறுவனங்கள் ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டன என்றும், மிகப் பெரிய நிறுவனங்கள் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை என்றும் காட்டுகிறது. அதே பள்ளியிலிருந்து 2022இல் வந்த மற்றோர் ஆய்வு, புதிய தடைகளால் உணவு விலை இரண்டு ஆண்டுகளில் 6 விழுக்காடு கூடியது என்றும், அது ஏழைக் குடும்பங்களையே அதிகம் அழுத்தியது என்றும் கணக்கிட்டது. பிரிட்டனைப் போன்ற நாடுகளைக் கலந்து ஒரு கற்பனைப் பிரிட்டனை உருவாக்கி ஒப்பிடும் முறையில் பொருளாதார ஆய்வாளர் ஜான் ஸ்பிரிங்ஃபோர்டு 2022இல் மொத்த உற்பத்தியில் 5.5 விழுக்காடு இழப்பு என்றார். எந்த நாடுகளைக் கலக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த விடை மாறும் என்பதால் நான் அதைச் சற்று எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன்.

பயன்படுத்தும் வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறிக்கைகள் நீளமானவை, மொழி வறண்டது; ஆனால் ஒவ்வொரு வரைபடத்துக்கும் உரிய தரவு எக்செல் கோப்பாகக் கிடைப்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. புதிதாக வருபவர்கள் பிரெக்ஸிட் தனிப்பக்கத்தை முதலில் படித்து, பிறகு 2024 மார்ச் அறிக்கையின் வணிகப் பகுதிக்குச் செல்லலாம்; 2018 கட்டுரையை ஓய்வாகப் படிக்க வைத்துக்கொள்ளலாம். மாணவர்களுக்கும் இதழாளர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். தன் கடையின் அடுத்த ஆண்டுச் செலவைத் திட்டமிட விரும்பும் வணிகர் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. அவருக்குச் சுங்கத் துறையின் தீர்வை அட்டவணையே முதல் துணை.

2025 மே மாதத்தில் பிரிட்டனும் ஒன்றியமும் உணவு, தாவரச் சோதனைகளைக் குறைக்கும் உடன்பாடு ஒன்றை உருவாக்க இசைந்தன. அது நடைமுறைக்கு வரும்போது ஓ.பி.ஆர். தன் 15 விழுக்காட்டை மாற்றுமா என்று பலரும் பார்ப்பார்கள். நான் அதனிடம் கேட்பது வேறொன்று: அடுத்த அறிக்கையில், பத்துப் பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு ஒன்றியத்தோடு உள்ள வணிகத்தை ஒரு தனி அட்டவணையாகத் தர வேண்டும்.