வி.ஏ திரையில் கல்வெட்டு வடிவமைத்தல்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நெல்லியடியில் சிறியதொரு வடிவமைப்பு நிலையம் தொடங்கவிருக்கும் நண்பர் ஒருவர், 24 அங்குலக் கணினித் திரைகளில் ஐ.பி.எஸ் பனலும் வி.ஏ பனலும் (படத்தைக் காட்டும் திரவப் படிகத் தகட்டின் இரு வகைகள்) இப்போது ஏறத்தாழ ஒரே விலைக்கு வந்துவிட்டனவே, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறார். வி.ஏ திரையொன்றை 2022 இலிருந்து நாள்தோறும் பயன்படுத்தி வருவதால் விரிவாகவே பதில் எழுதுகிறேன். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயை அண்மித்த அந்த ஆண்டில், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் என் கைக்கு எட்டிய விலையில் கிடைத்தவை ரி.என் என்ற இன்னொரு வகைப் பனலும், அதைவிடச் சற்றுக் கூடிய விலையில் வி.ஏ பனலுமே. ரி.என் திரையைச் சற்றுக் கீழிருந்து பார்த்தாலே நிறங்கள் தலைகீழாகிவிடும் என்பதால் படவேலைக்கு அது உதவாது. ஆகவே வி.ஏ வாங்கினேன்.

அந்தத் திரையின் கறுப்பு உண்மையான கறுப்பு. இந்த விலைப் பிரிவில் ஐ.பி.எஸ் பனல்களின் ஒளிமாறுபாட்டு விகிதம் (வெள்ளை கறுப்பைவிட எத்தனை மடங்கு வெளிச்சம் என்ற அளவு) பெரும்பாலும் 1000:1 அளவிலேயே நிற்க, வி.ஏ 3000:1 ஐத் தொடுகிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், மலிவான ஐ.பி.எஸ் திரையின் மூலைகளில் மங்கிய வெளிச்சம் கசிந்துகொண்டிருக்கும். என் திரையிலோ படத்தின் கறுப்பு எங்கே முடிகிறது, பிளாஸ்ரிக் சட்டம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவதே கடினம். நாள் முழுவதும் தமிழ்ப் பக்கங்களின் எழுத்துப்பிழை பார்ப்பவனுக்கு இந்த அழுத்தமான கறுப்பு எவ்வளவு இதமானது என்பதைப் பழகியவர்களே அறிவார்கள். எங்கள் ஊர் வெக்கையையும் மின்தடைகளையும் தாங்கிக்கொண்டு, இன்றுவரை அது ஒருமுறைகூடப் பழுதாகவில்லை.

ஆனால் என் வேலையில் பெரும்பகுதி கல்வெட்டு வடிவமைப்பு. இறந்தவரின் நினைவாக 31 ஆம் நாளுக்கு முன் அச்சாகி வர வேண்டிய புத்தகம் அது. முன்பக்கத்துக்கு வீட்டார் கொண்டுவருவது பெரும்பாலும் அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய கறுப்பு வெள்ளைப் படம். அதைப் பெரிதாக்கிச் சுத்தப்படுத்தும்போதுதான் இந்தப் பனலோடு என் சண்டை தொடங்குகிறது. நேராக இருந்து பார்த்தால் படத்திலிருப்பவர் அணிந்த கோட்டின் மடிப்புகள் கறுப்புக்குள் அமிழ்ந்து ஒரே திட்டாகத் தெரிகின்றன. தலையைச் சற்று ஒரு பக்கம் சரித்தால் அதே மடிப்புகள் மேலெழுந்து வருகின்றன. வெளிர் நிறங்களில் நிலைமை இன்னும் மோசம். சந்தன நிறத்தில் மெல்லிய பின்னணி போட்டு, அதன்மேல் வெள்ளைச் சால்வை போர்த்திய பெரியவரின் படத்தை வைத்தால், திரையின் நடுவில் சால்வையின் விளிம்பு தெளிவாக இருக்கும்; படத்தை ஓரத்துக்கு நகர்த்தினால் பின்னணியும் சால்வையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இவற்றில் எது தாளில் வரப்போகிறது என்று ஒவ்வொரு முறையும் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

பக்கத்துக் கதிரையில் இருந்து பார்க்கும் வீட்டாருக்கு இது இன்னும் கொடுமை. "தம்பி, அப்பான்ர முகம் ஏன் இப்பிடி வெளிறிக் கிடக்கு?" என்று ஒருவர் கலங்கிய குரலில் கேட்டார். "அக்கா, இஞ்ச நடுவில வந்து இருந்து பாருங்கோ" என்று எழுந்து என் கதிரையைக் கொடுத்தேன். துக்க வீட்டிலிருந்து வந்தவரை எழுப்பி இடம் மாற்றி இருத்திப் படம் காட்ட வைக்கும் ஒரு கருவியை நல்ல கருவி என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

இதற்குக் காரணம் பனலின் அமைப்பிலேயே இருக்கிறது. வி.ஏ பனலில் திரவப் படிகங்கள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நின்று ஒளியை அடைக்கின்றன; மின்னழுத்தம் கொடுத்ததும் சரிந்து ஒளியை விடுகின்றன. இடைநிலை நிறங்களுக்கு அவை அரைகுறையாகச் சரிந்து நிற்பதால், சரிந்த கதியால் வேலியைப் போல, பார்க்கும் பக்கத்துக்கு ஏற்ப வெளிச்சத்தின் அளவு மாறுகிறது. ஐ.பி.எஸ் பனலில் படிகங்கள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்தபடியே சுழல்வதால் இந்த வேறுபாடு மிகக் குறைவு. பெட்டியில் இரண்டுக்கும் பார்வைக் கோணம் 178 பாகை என்றே அச்சிட்டிருப்பார்கள். ஒளிமாறுபாடு 10:1 ஆகக் குறையும் கோணத்தை அளந்து போடும் எண் அது. நிறம் மாறுவதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 24 அங்குலத் திரைக்கு நேர் நடுவில் 60 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தாலும், அதன் ஓரங்களை ஏறத்தாழ 24 பாகைச் சரிவில்தான் பார்க்கிறோம். கருவி வைத்துத் திரையின் நிறங்களைச் சரிப்படுத்தும் நிறச்சீராக்கம் செய்தாலும் அது நேர்ப்பார்வைக்கு மட்டுமே பொருந்தும்.

கரும்பின்னணியில் பக்கத்தை உருட்டும்போது எழுத்துகளின் பின்னே கருநிழல் இழுபடுவதும் உண்டு. செக்கனுக்கு 60 முறை படத்தை மாற்றும் 60 ஹேர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது 16.7 மில்லி செக்கன், மலிவான வி.ஏ புள்ளிகள் கறுப்பிலிருந்து கருஞ்சாம்பலுக்கு மாற அதைவிட நேரம் எடுக்கின்றன. வெள்ளைப் பக்கத்தில் வேலை செய்பவருக்கு இது தொல்லையில்லை.

ஆகவே நண்பரே, ஐ.பி.எஸ் வாங்குங்கள். கணினிப் படங்களுக்குப் பொதுவான எஸ்.ஆர்.ஜி.பி நிறப்பரப்பில் 99 வீதத்தைக் காட்டும் திரையாகப் பாருங்கள். 1920×1080 இல் 27 அங்குலம் வேண்டாம். அங்குலத்துக்கு 82 புள்ளிகள் அளவுதான் கிடைக்கும், சிறிய எழுத்தில் ணகரச் சுழிகள் அடைபட்டுப் போகும். காசு கொடுக்குமுன் வெளிர்சந்தன நிறப் பக்கமொன்றையும் இருண்ட படமொன்றையும் கடையிலேயே திறக்கச் சொல்லி, இடமும் வலமும் நகர்ந்து பாருங்கள். வீட்டாரை அருகில் இருத்திப் படம் காட்டும் தொழிலுக்கு வி.ஏ எந்த விலைக்கும் வேண்டாம். என் திரையை என்ன விலைக்குத் தருவேன் என்றும் கேட்டிருந்தீர்கள். அது விற்பனைக்கு இல்லை, ஐ.பி.எஸ் ஒன்று வாங்கிய பிறகும் எழுத்துப்பிழை பார்க்கும் வேலையை நான் இதில்தான் செய்வேன்.