கட்டணம் வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டுத் தந்தவர்

அச்சுப் பிழை பார்ப்பது என் தொழில். 31 ஆண்டுகளாக அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவனிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் பிழைதான் கண்ணில் படும். ஓய்வுக்கால நிதி ஆலோசகர் ஒருவரிடம் மூன்று அமர்வுகள் போய் வந்ததைப் பற்றிய இந்த மதிப்புரையிலும் அந்தக் குணம் தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 56, மனைவிக்கு 51. அறுபதில் வேலையை விடுவதாக எண்ணம். கையில் இருந்தவை: பெரும்பாலும் வைப்பு நிதி, ஒரு முகவர் வழியாக வாங்கிய இரண்டு மியூச்சுவல் ஃபண்டுகள், நண்பரின் வற்புறுத்தலுக்காக எடுத்த ஒரு சேமிப்புக் காப்பீட்டுப் பாலிசி. இத்தனை நாளும் இலவசமாக ஆலோசனை சொன்ன எல்லோருமே கடைசியில் ஒரு விண்ணப்பப் படிவத்தை நீட்டினார்கள். இவர் எதையும் விற்பதில்லை; கமிஷன் கிடையாது, கட்டணம் மட்டுமே. என் மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கேட்டதும் தொண்டையில் முள் சிக்கியதுபோல் இருந்தது உண்மை.

முதல் அமர்வில் முதலீடு என்ற சொல்லே வரவில்லை. மாதச் செலவு எவ்வளவு என்று கேட்டார். என்னிடம் கணக்கு நோட்டு இருக்கிறது, பெருமையாகச் சொன்னேன். அவர் நோட்டை வாங்கவில்லை. பன்னிரண்டு மாத வங்கி அறிக்கையைத்தான் வாங்கினார். கூட்டிப் பார்த்தால், நான் 100 என்று நினைத்திருந்த செலவு 131 ஆக நின்றது. பல் வைத்தியம், வண்டிப் பழுது, காப்பீட்டுத் தவணை, கூரை ஒழுகியதைச் சரிசெய்தது என்று வருடத்துக்கு ஒருமுறை வருகிறவை எதுவும் என் நோட்டில் இல்லை. அவை ‘விதிவிலக்கு’ என்று விட்டிருக்கிறேன். "ஒவ்வொரு வருடமும் வருகிற விதிவிலக்கா சார்?" என்றார். இந்த ஒரு கேள்விக்கே கட்டணத்தில் பாதி கழிந்துவிட்டது என்பேன்.

அடுத்து வயதுக் கணக்கு. நான் எண்பது வரை திட்டமிட்டால் போதும் என்றேன். அவர் என் மனைவியின் தாய் எத்தனை வயது வரை வாழ்ந்தார் என்று விசாரித்துவிட்டு, மனைவிக்கு 92 ஆகும் வரை என்று எழுதினார். பணம் கடைசியாக இருப்பவருக்கும் போதவேண்டும் அல்லவா? நான் அறுபதில் நிற்கும்போது அவளுக்கு 55. ஆக 37 ஆண்டுகள். நான் வேலை பார்த்த காலத்தைவிட வேலை பார்க்காத காலம் நீளம்! குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எவ்வளவு சேர்ந்தால் போதும் என்பதற்கு இணையத்தில் எங்கு பார்த்தாலும் 4 சதவீத விதி என்று ஒன்று கிடைக்கும். 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் தம் நாட்டின் பங்கு, கடன் பத்திர வரலாற்றை வைத்துப் போட்ட கணக்கு அது. முதல் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதம் எடுக்கலாம். பிறகு பணவீக்கத்துக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போகலாம். முப்பது ஆண்டுகளுக்குத் தாங்கும். ஆலோசகர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அது ஒரு நாட்டின் வரலாறு, அதுவும் முப்பதே ஆண்டுகளுக்கு. உங்களுக்கு 37 என்று சொல்லி 3.5 சதவீதம் வைத்தார். அதாவது ஆண்டுச் செலவைப்போல் ஏறத்தாழ 29 மடங்கு வேண்டும். எங்களிடம் இருந்தது 23 மடங்கு. இப்போது சேமிக்கும் வேகத்தில் அறுபதில் 26 தேறும். குறைவதை நிரப்ப, 63 வரை வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்த்து, வீட்டுச் செலவுக்கு மட்டும் சம்பாதித்தால் போதும் என்றார். லாபம் கூடுதலாக வரும் எதையாவது வாங்குங்கள் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சண்டை போட்ட இடம். எல்லாவற்றையும் வைப்பு நிதியிலேயே வைத்துவிடலாம், தூக்கமாவது வரும் என்பது என் கட்சி. என் மைத்துனருடைய கட்சி நேர் எதிர்: முழுக்கப் பங்குகள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் எத்தனை ஆண்டில் செலவு இரட்டிக்கும் என்று ஆலோசகர் கேட்டார். 72ஐ ஏறும் சதவீதத்தால் வகுத்தால் இரட்டிக்கும் ஆண்டு தோராயமாகக் கிடைக்கும் என்பது ஒரு குறுக்குவழி; ஆறால் வகுத்தால் பன்னிரண்டு. 37 ஆண்டில் மூன்று முறை இரட்டிக்கும். எட்டு மடங்கைத் தாண்டிவிடும். அந்த ஓட்டத்துக்கு வட்டி மட்டும் ஈடுகொடுக்காது. சரி, அப்படியானால் மைத்துனர் சொல்வதுதானே சரி என்றேன். உடனே ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

நூறு ரூபாய் இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் முதலில் 20 சதவீதம் விழுகிறது, பிறகு 5 ஏறுகிறது, பிறகு 25 ஏறுகிறது. எதையும் எடுக்காவிட்டால் கடைசியில் 105. வரிசையைத் திருப்பிப் போட்டாலும் அதே 105. ஆனால் ஆண்டுக் கடைசியில் ஐந்தைந்து ரூபாய் எடுத்தால்? சரிவு முதலில் வந்தால் மிஞ்சுவது சுமார் 87. சரிவு கடைசியில் வந்தால் சுமார் 92. சராசரி ஒன்றுதான், விதி வேறு. ஓய்வு பெற்ற முதல் சில ஆண்டுகளில் சந்தை விழுந்தால், விழுந்த விலைக்கு விற்றுச் சாப்பிடவேண்டி வருகிறது; விற்றது மீண்டும் ஏறுவதில்லை. வரிசையில் எழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதை என்னைப் போன்றவனுக்கு வேறு எப்படிப் புரியவைக்க முடியும்?

கடைசியில் ஒப்புக்கொண்டது இது. இரண்டு ஆண்டுச் செலவு எளிதில் எடுக்கும்படி வங்கியில். அதற்கடுத்த ஆறு ஆண்டுச் செலவு வைப்பு நிதியிலும் கடன் பத்திரங்களிலும். மிச்சம், பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும், செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டுகளில். சந்தை நன்றாக இருக்கும் ஆண்டுகளில் மட்டும் அங்கிருந்து எடுத்து முன்னிரண்டையும் நிரப்புவது. இதில் மந்திரம் எதுவும் இல்லை, சரிவு வரும்போது பதறி விற்காமல் இருக்க மனத்துக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை பிடித்திருந்தது.

முகவர் வழி வாங்கிய ஃபண்டுகள் நம் பணத்திலிருந்து பிடித்துக்கொள்ளும் செலவு ஆண்டுக்கு 1 சதவீதம் அதிகம் என்று காட்டினார். ஒரு சதவீதம்தானே என்றேன். 8 சதவீதத்தில் முப்பது ஆண்டு வளர்வதற்கும் 7 சதவீதத்தில் வளர்வதற்கும் கடைசித் தொகையில் கிட்டத்தட்ட கால் பங்கு வித்தியாசம். வாயடைத்துவிட்டேன். காப்பீட்டுப் பாலிசியை உடனே முறித்துவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இணையத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். 15 ஆண்டில் 11 முடிந்துவிட்டது, இப்போது விட்டால் நட்டம், முடியட்டும் என்றார். அன்யூட்டி, அதாவது மொத்தப் பணத்தைக் கொடுத்து ஆயுள் முழுக்க மாதத் தொகை வாங்கும் திட்டம், இப்போது வேண்டாம், எனக்கு எழுபது நெருங்கும்போது அடிப்படைச் செலவுக்கு மட்டும், இருவர் ஆயுளுக்கும் சேர்த்து எடுங்கள் என்பது அவர் கருத்து. வயது கூடினால் அதே பணத்துக்கு மாதத் தொகை கூடும். ஆனால் தொகை மாறாததாக இருந்தால் விலைவாசி அதைத் தின்றுவிடும். ஆகவே முழுப் பணத்தையும் அதில் போடக்கூடாது.

இப்போது குறைகள். அறிக்கை 34 பக்கம். உதவியது நான்கு. மீதி வண்ணப் படங்கள். ‘திட்டம் வெற்றி பெறும் வாய்ப்பு 87.3 சதவீதம்’ என்று ஒரு பக்கம் அறிவிக்கிறது. நாளைய விலைவாசியே தெரியாதபோது அந்த புள்ளி மூன்று எங்கிருந்து வந்தது? பணவீக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே 6 என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. மருத்துவச் செலவு தனி வேகத்தில் ஏறும் என்பதை நான் சுட்டிக்காட்டிய பிறகே தனி வரியாகச் சேர்த்தார். பக்கம் 19இல் என் ஓய்வு வயது 65 என்று இருந்தது. அதனால் கீழே இருந்த கூட்டுத்தொகைகள் அத்தனையும் தவறு. இரண்டு நாளில் திருத்தி அனுப்பினார், மன்னிப்பும் கேட்டார். ஆனால் மெய்ப்புப் பார்க்காத ஒருவர் அந்த எண்களை நம்பி நிம்மதியாக உறங்கியிருப்பார்.

இன்னொன்று கொஞ்சம் கசப்பு. முதல் அமர்வு முழுக்க என்னைப் பார்த்தே பேசினார். இரண்டாவது அமர்வில் என் மனைவி குறுக்கிட்டாள்: "இவருக்கு நினைவு தடுமாறினால் எது எங்கே இருக்கிறது என்று எனக்கு யார் சொல்வது? கையெழுத்து யார் போடுவது?" ஆலோசகரிடம் பதில் இல்லை. மூன்றாவது அமர்வுக்குத்தான் அதற்கென ஒரு பக்கம் தயாரித்து வந்தார்: கணக்குகளின் பட்டியல், எவற்றை இருவர் பெயரிலும் மாற்றவேண்டும், எதற்கு நாமினி இல்லை என்ற விவரம். நாமினி இல்லாதவை மூன்று. அதில் ஒன்று நான் கல்யாணத்துக்கு முன் தொடங்கியது.

செலவையே இன்னும் எழுதிப் பார்க்காதவர்கள் இவரிடம் போகவேண்டாம். முதலில் ஓர் ஆண்டு எழுதுங்கள், கட்டணம் மிச்சம். எந்தப் பங்கு ஏறும் என்று கேட்கப் போகிறவர்களுக்கும் ஏமாற்றம்தான். ஓய்வுக்கு ஐந்தாறு ஆண்டுகள் இருக்கும்போது, கையில் உள்ளதை எந்த வரிசையில் எடுத்துச் செலவழிப்பது என்று தெரியாமல் விழிக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். வாழ்க்கைத் துணையோடு போங்கள், அறிக்கையைச் சிவப்பு மையோடு படியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மறுபார்வைக்குத் தனிக் கட்டணம் உண்டு. அடுத்த மாதம் எங்கள் முறை. மனைவி இரண்டு பக்கம் கேள்வி எழுதி வைத்திருக்கிறாள். இந்த முறை மெய்ப்புப் பார்க்க என்னிடம் தர மறுத்துவிட்டாள்.