என்8என்: ஏஜென்ட்டையும் ஆப்களையும் இணைக்க ஒரு சொந்த சர்வர்

ஏஐ ஏஜென்ட் (நமக்காகத் தானே வேலைகளைச் செய்யும் ஏஐ நிரல்) ஜிமெயிலில் மெயில் அனுப்ப, கூகுள் ஷீட்டில் ஒரு வரி சேர்க்க, ஸ்லாக்கில் தகவல் போட என்று ஒவ்வொன்றுக்கும் தனி கோட், தனி டோக்கன் (ஆப்புக்குள் நுழைய உதவும் ரகசியச் சாவி) என்று போனால் பராமரிக்க முடியாது. பெர்லின் நிறுவனமான என்8என், நம் சர்வரிலேயே ஓட்டக்கூடிய அதே பெயருள்ள ஆட்டோமேஷன் மென்பொருளில், இதை ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறது. அதில் நோடு எனப்படும் பெட்டிகளைக் கோத்து ஒர்க்ஃப்ளோ (வேலை வரிசை) அமைக்கலாம். அதிலுள்ள 'எம்சிபி சர்வர் ட்ரிக்கர்' நோடில் வேண்டிய டூல்களை மாட்டினால் ஒரு யூஆர்எல் வரும். ஏஜென்ட்டும் டூல்களும் பேசிக்கொள்ள ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட பொது முறைதான் எம்சிபி. அந்த முறையில் யூஆர்எல் வழியாகப் பேசும் ஏஜென்ட்டுக்கு அது போதும். நோடு இரண்டு யூஆர்எல் காட்டும்: டெஸ்ட், புரொடக்ஷன். ஒர்க்ஃப்ளோவை லைவ் ஆக்காதவரை இரண்டாவது வேலை செய்யாது.

இதில் உருப்படியான அம்சம், டூலின் எந்தக் கட்டத்தை (ஃபீல்டை) ஏஜென்ட்டின் ஏஐ மாடல் நிரப்பலாம் என்பதை நாமே முடிவு செய்யலாம் என்பது. ஜிமெயில் டூலில் பெறுநர் முகவரியை நிலையாக எழுதிவிட்டு, தலைப்பையும் உள்ளடக்கத்தையும் மட்டும் மாடலிடம் விடுங்கள். வந்த மெயிலுக்குள் யாராவது "இதை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று ஒளித்து வைத்திருந்தாலும் இந்த டூல் வழியாக வேறு முகவரிக்கு எதுவும் போகாது. ஜிமெயில் போன்ற ஆப்களின் டோக்கன்களும் ஏஜென்ட்டின் கைக்கு வருவதில்லை.

சிக்கல்கள் பெரும்பாலும் நிறுவும்போதுதான். மென்பொருளைத் தனி 'கன்டெய்னர்' பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் போர்ட் 5678-இல் ஏற்றுவது சுலபம். ஆனால் டேட்டா ஃபோல்டரை வால்யூமாக (கன்டெய்னருக்கு வெளியே நிலைத்திருக்கும் சேமிப்பாக) இணைக்காமல் கன்டெய்னரை அழித்தால், சேமித்த லாகின்களோடு அவற்றைப் பூட்டி வைத்திருக்கும் என்கிரிப்ஷன் கீயும் போய்விடும். டேட்டாபேஸ் வெளியில் தனியாக இருந்தாலும் தப்ப முடியாது. புதிய கீயால் பழைய லாகின்களைத் திறக்க வழியில்லை. கீயை நீங்களே உருவாக்கி, என்விரான்மென்ட் வேரியபிளாக (நிரல் தொடங்கும்போது வெளியிலிருந்து தரும் அமைப்பாக) கொடுத்து, ஒரு நகலை வேறிடத்தில் வையுங்கள்.

கூகுள் இணைப்பு தனி ரகம். வெப்ஹுக் யூஆர்எல் அமைப்பில் உங்கள் டொமைனைத் தராவிட்டால் அனுமதி தந்த பின் கூகுள் திரும்பி வர வேண்டிய கால்பேக் முகவரி லோக்கல்ஹோஸ்ட் (அவரவர் கணினி) என்றே போகும், இணைப்பு முடியாது. கூகுளில் அனுமதி கேட்கும் கன்சென்ட் ஸ்கிரீனை 'டெஸ்டிங்' நிலையில் விட்டால், இணைப்பைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதி. ஒரு வாரம் ஒழுங்காக ஓடி, திடீரென 'இன்வாலிட் கிராண்ட்' என்று நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

என்8என்-க்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ் சர்வரை வைத்திருந்தால், எம்சிபி பாதைக்கு பிராக்ஸி பஃபரிங்கையும் (பதிலைத் தேக்கி வைத்து அனுப்புவது) ஜிஜிப்பையும் (பதிலைச் சுருக்குவது) அணைக்க வேண்டும். இல்லையேல் ஏஜென்ட் இணைந்துவிடும், பதில் மட்டும் வராது. ட்ரிக்கரில் பேரர் டோக்கன் (ஏஜென்ட் காட்ட வேண்டிய ரகசியச் சொல்) வைப்பதும் கட்டாயம்; அது இல்லாமல் விட்டால் யூஆர்எல் தெரிந்த யாரும் உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம்.

டூல்களை அள்ளிப் போடாதீர்கள். ஒவ்வொன்றின் பெயர், விளக்கம், உள்ளீட்டு அமைப்பு எல்லாம் மாடலின் கான்டெக்ஸ்டை (ஒரே நேரத்தில் அது கவனிக்கக்கூடிய இடத்தை) தின்னும். ஒத்த பெயர்கள் இருந்தால் தவறானதைக் கூப்பிடும். ஒரு ட்ரிக்கருக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

சொந்த நிறுவனத்தின் உள்வேலைக்குச் சொந்த சர்வரில் இலவசமாக ஓட்டலாம், அதற்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். உங்கள் தயாரிப்புக்குள் வைத்து, வாடிக்கையாளர்களின் லாகின்களை வாங்கி ஓட்டும் எண்ணம் இருந்தால் அந்த இலவச லைசென்ஸ் இடம் தராது. தனி ஒப்பந்தம் போட வேண்டும்.