குறிப்பு நோட்டா, தடையா? தீவிர அமைப்புகளின் பேச்சுரிமை பற்றி ஓர் அலசல்

வட சென்னையில் ஒரு குறுகலான தெரு. போன மாதம் அங்கே ஒரு சாதி அமைப்பின் தெருமுனைக் கூட்டம் நடந்தது. நாலு டியூப்லைட், ஒரு மைக் செட், முப்பது நாற்காலி. ஷட்டர் போட்டிருந்த பாத்திரக் கடையின் படியில் மஃப்டியில் ஒருவர் உட்கார்ந்து சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பேச்சாளரின் குரல் ஏற ஏற அவருடைய பேனாவும் வேகம் எடுத்தது. சென்னையில் அரசியல் கூட்டம் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பழகிய காட்சிதான் இது.

தீவிர அமைப்புகளைப் பேச விடலாமா கூடாதா என்ற கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நோட்டுதான். பேச விட்டு, பேசியதைக் குறித்து வைத்து, குற்றம் இருந்தால் வழக்குப் போடுவது ஒரு வழி. அமைப்பின் பெயரைப் பார்த்தே வாயை அடைப்பது இன்னொரு வழி. முதல் வழியில் அதிக தூரம் போன நாடு அமெரிக்கா. இரண்டாவதற்கு ஜெர்மனியைச் சொல்லலாம். நாம் இரண்டிலும் கால் வைத்திருக்கிறோம்.

அமெரிக்காவில் 1969இல் பிராண்டன்பர்க் வழக்கு. பேசியவர் கு க்ளக்ஸ் கிளான் தலைவர், அதாவது கறுப்பின மக்கள் மீது வன்முறையையே தொழிலாக வைத்திருந்த அமைப்பு. ஆனாலும், உடனடியாகச் சட்டத்தை மீறும்படி தூண்டும் நோக்கம் இருந்து, அப்படி நடந்துவிடக்கூடிய நிலையும் இருந்தால் மட்டுமே பேச்சைத் தண்டிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 1977இல் சிகாகோ பக்கத்தில் ஸ்கோக்கி என்ற ஊரில் ஒரு நாஜிக் கட்சி ஊர்வலம் போகக் கிளம்பியது. ஹிட்லரின் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்த யூதர்கள் பலர் வாழ்ந்த ஊர் அது. நாஜிகளின் உரிமைக்காக நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞரே ஒரு யூதர். வழக்கில் ஜெயித்தும் கடைசியில் அவர்கள் ஸ்கோக்கிக்குப் போகவில்லை. சிகாகோவில் கூட்டம் போட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அத்தனை மாதம் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று யோசித்தால் மனசு ஒப்பவில்லை.

ஜெர்மனி பட்டுத் தெரிந்துகொண்ட நாடு. ஜனநாயகத்தை ஒழிக்கப் பார்க்கும் கட்சியைத் தடை செய்ய அதன் அரசியல் சட்டமே வழி வைத்திருக்கிறது. 1952இல் நாஜி வாரிசான சோஷலிஸ்ட் ரைஷ் கட்சி தடை செய்யப்பட்டது. சரி, நியாயம்தான் என்று தோன்றும். நாலே வருடத்தில், 1956இல், கம்யூனிஸ்ட் கட்சிக்கும் அதே கதி. ஹிட்லரை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்கள் இருந்த கட்சி அது. ஒருவருக்காகத் தீட்டிய கத்தி இன்னொருவர் கழுத்துக்கு வர நாலு வருடம்தான் பிடித்தது. ஜெர்மனியில் ஒரு நல்லதும் இருக்கிறது: கட்சியைத் தடை செய்யும் அதிகாரம் அரசாங்கத்திடம் இல்லை, அரசியல் சட்ட நீதிமன்றத்திடம் மட்டுமே. 2017இல் என்.பி.டி. என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் நோக்கம் அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று ஒப்புக்கொண்டே, அதை நிறைவேற்றும் பலம் அதற்கு இல்லை என்று தடை விதிக்க மறுத்தது அந்த நீதிமன்றம்.

நம் கதைக்கு வருவோம். இந்த விவாதத்தின் முதல் பெரிய வழக்கே சென்னை மாகாணத்திலிருந்து போனது என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. கம்யூனிஸ்ட் கட்சியை இங்கே தடை செய்திருந்த காலம். பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று சென்னை அரசு உத்தரவு போட்டது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த வருடமே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பேச்சுரிமைக்கு எந்தக் காரணங்களால் வரம்பு போடலாம் என்று சொல்லும் 19(2) பிரிவில் 'பொது ஒழுங்கு' என்ற காரணம் ஏறியது. இன்றைக்குக் கூட்டத்துக்கு அனுமதி மறுக்கும்போதெல்லாம் நம் காதில் விழும் 'சட்டம் ஒழுங்கு' என்ற பேச்சுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

அப்புறம் அண்ணா. 1962இல் மாநிலங்களவையில் நின்று திராவிட நாடு கேட்டார். அன்றைய டெல்லியின் கண்ணுக்கு அதைவிடத் தீவிரமான பேச்சு கிடையாது. 1963இல் பதினாறாவது திருத்தம், இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காரணம் காட்டிப் பேச்சைக் கட்டுப்படுத்த வழி செய்தது. அதுவும் கட்டுப்பாடுதான், எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் கட்சி என்ற கதவை மூடவில்லை. திமுக அந்தக் கோரிக்கையைக் கைவிட்டுத் தேர்தலில் நின்றது, 1967இல் கோட்டைக்குப் போனது. கட்சியையே ஒழித்திருந்தால் அந்த இளைஞர்கள் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

பெயரை வைத்து அடைக்கும் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் இதே மாநிலம் பார்த்துவிட்டது. 2002இல், திருமங்கலம் கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக, எம்.பி.யாக இருந்த வைகோ பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். பத்தொன்பது மாதம் சிறை. பயங்கரவாதத்தை வளர்க்கும் நோக்கமில்லாத வெறும் ஆதரவுப் பேச்சு குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொடா போனாலும் உபா, அதாவது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஓர் அமைப்பு சட்டவிரோதமானது என்று மத்திய அரசு கெஜட்டில் அறிவிக்கிறது, ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயம் உறுதி செய்தால் ஐந்து வருடம் தடை. தடையான அமைப்பில் உறுப்பினராக இருப்பதே குற்றம்தான் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது; 2011இல் அதே நீதிமன்றம் சொன்னது வேறு. ஜெர்மனியோடு ஒப்பிட்டால் முதல் அடி அரசாங்கத்தின் கையில். எனக்கு இங்கேதான் இடிக்கிறது.

அதற்காக எல்லாரும் எதையும் பேசட்டும் என்று நான் சொல்லமாட்டேன். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. சாதி கடந்த கல்யாணங்களுக்கு எதிராக மேடைகள் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப் போல, பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்று 1989இல் ஒரு தமிழ்ப் பட வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுகோல் வைத்தது. எனக்கு அந்த அளவுகோல் போதும், ஆனால் அதை உண்மையாகவே எடுத்துப் பயன்படுத்த வேண்டும். வெறுப்புப் பேச்சென்றால் புகாருக்குக் காத்திருக்காமல் போலீஸே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்துவிட்டது. பகைமை மூட்டும் பேச்சுக்கு இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 196ஆவது பிரிவும் இருக்கிறது. பிறகு அந்த நோட்டில் எழுதியது ஏன் எஃப்.ஐ.ஆர். ஆகவில்லை?

அன்றைக்கு மேடையில் திட்டு வாங்கிய சமூகத்தைச் சேர்ந்தவர், அதே தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. கூட்டம் தொடங்குமுன்பே அடுப்பை அணைத்துவிட்டார். ஊற வைத்த அரிசியை ஆட்டவே இல்லை. "அவங்க பேசிட்டு வண்டியேறிப் போயிடுவாங்க தம்பி, நாங்கதான் ராத்திரி இங்க படுக்கணும்" என்றார்.

மறுவாரம் தெருக்காரர்கள் சேர்ந்து அதே இடத்தில் பதில் கூட்டம் நடத்த அனுமதி கேட்டார்கள். சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரும் என்று மறுத்துவிட்டார்கள். முதல் கூட்டத்துக்குக் கிடைத்த அனுமதி இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அக்காவின் மகன் அந்த மறுப்புக் கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு பாரிமுனைக்கு, உயர் நீதிமன்றத்தில் மனு போடப் போகிறார்கள். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.