தரை இடைவெளி அட்டவணையை நம்பி மலைத்தோட்டத்துக்கு எஸ்.யூ.வி. வாங்க இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மலைத்தோட்டத்துக்கோ, காட்டோரப் பண்ணைக்கோ, தார் போடாத ஊர்ப்பாதைக்கோ உயரமான வண்டி ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், விற்பனையகத்தில் நீட்டப்படும் கிரவுண்ட் கிளியரன்ஸ் (வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) ஒப்பீட்டுத் தாளைப் பார்த்து முன்பணம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். விற்பனையகத்தின் பெயரையும் வண்டியின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இதே வகைத் தாள் வேறு வண்டிகளின் பெயரோடு வேறு விற்பனையகங்களிலும் கொடுக்கப்படுகிறது என்பது இன்னொரு காரணம்.

எங்கள் குடும்பத்துக்குத் தாண்டிக்குடிக்கு அருகே காப்பியும் மிளகும் போட்ட சிறு தோட்டம் ஒன்று உண்டு. வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும் மலைச்சாலையில் எந்தக் காரும் போகும். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சாலையிலிருந்து பிரிந்து தோட்டத்துக்கு இறங்கும் மண்பாதையில், மூட்டை ஏற்றிய ஜீப்புகள் ஆண்டுக்கணக்கில் ஓடி இரண்டு சக்கரத் தடங்களையும் பள்ளமாக்கிவிட்டன. நடுவில் புல் முளைத்த மேடும், அந்த மேட்டில் ஆங்காங்கே தலைநீட்டும் பாறையும் இருக்கின்றன. இந்தப் பாதையின் படங்களைக் கைப்பேசியில் காட்டி, அறுவடைக் காலத்தில் ஐந்து பேரும் சில மூட்டைகளும் ஏறிய நிலையில் அடி தட்டாமல் போய்வர வேண்டும் என்று சொல்லித்தான் மதுரையில் உள்ள அந்த விற்பனையகத்தில் விசாரித்தோம்.

விற்பனையாளர் தயக்கமே இல்லாமல் ஒரு தாளை எடுத்து வைத்தார். நிறுவனச் சின்னத்தோடு கணினியில் அச்சிட்ட தாள். அவர்கள் விற்கும் வண்டிக்கு நேரே 208 மில்லிமீட்டர் என்று தடித்த எழுத்தில் இருந்தது. நாங்கள் முதலில் மனத்தில் வைத்திருந்த, லேடர் சேஸிஸில் (ஏணி வடிவ இரும்புச் சட்டம்) கட்டப்பட்டுப் பின்பக்கம் முழு ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு) கொண்ட மற்றொரு நிறுவனத்தின் வண்டிக்கு நேரே 180 என்று இருந்தது. "சார், இதில் இருபத்தெட்டு மில்லிமீட்டர் கூடுதல். ஜீப் போகிற இடமெல்லாம் இது போகும், ஏ.சி. போட்டுக்கொண்டு போகும்" என்றார் அவர். தாளின் படத்தை என் தம்பியின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பினார். பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது அந்தப் படம் ஒன்றுதான்.

அந்த ஒப்பீட்டில் இருந்த மோசடி பிறகுதான் வெளிவந்தது. 208 என்பது காலி வண்டியின் அளவு. பக்கத்திலிருந்த 180 என்பதோ, போட்டி நிறுவனம் தன் பழைய விவரப் புத்தகத்தில் முழுச் சுமை ஏற்றிய நிலைக்கெனத் தந்திருந்த அளவு. அதே புத்தகத்தின் அடுத்த வரியிலேயே காலி வண்டிக்கான பெரிய எண்ணும் இருக்கிறது. ஒன்றைக் காலியாகவும் மற்றதைச் சுமையோடும் நிறுத்தி உயரம் பார்த்து, அந்த வேறுபாட்டை வாடிக்கையாளரிடம் சாதகமாகக் காட்டியிருக்கிறார்கள். விற்பனையகத்தின் விளக்கம் இதை அச்சுப்பிழை என்கிறது. தாளில் இருந்த மூன்று போட்டி வண்டிகளுக்கும் சுமை அளவே போடப்பட்டிருந்ததால் அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வண்டி வந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். காலியாக ஏறியபோது தொல்லை இல்லை. அறுவடைக் காலத்தில் ஆட்களோடும் மூட்டைகளோடும் இறங்கியபோது, வளைவில் பிரேக் பிடித்ததும் முன்பக்கம் அமிழ்ந்து, நடுமேட்டுப் பாறையில் அடி மோதியது. அடியில் இருந்த காப்புத்தகடு பிளாஸ்டிக். அது கிழிந்து, ஆயில் சம்ப் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) விரிசல் விட்டு, ஆயில் முழுவதும் பாதையில் கொட்டிப்போனது. வண்டியைக் கட்டி இழுத்துக் கீழே கொண்டுவர வேண்டியதாயிற்று. வெளிப்பொருள் மோதி வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்றது சர்வீஸ் நிலையம். காப்பீட்டு நிறுவனம் சம்ப்புக்கும் தகட்டுக்கும் பணம் தந்தது. ஆனால் ஆயில் இல்லாமல் என்ஜினுக்குள் பேரிங் தேய்ந்தது பின்விளைவுச் சேதம் என்றும், என்ஜின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பு எடுத்திருந்தால் மட்டுமே அது சேரும் என்றும் கைவிரித்துவிட்டது. அப்படி ஒரு கூடுதல் காப்பு இருப்பதை, மலைப்பாதைப் படங்களைப் பார்த்துவிட்டு வண்டி விற்றவர்கள் வாய் திறந்து சொல்லவில்லை.

பழுது நீங்கி வந்ததும் ஊரில் உள்ள எடைமேடையின் சமமான சிமெண்டுத் தளத்தில் வண்டியை நிறுத்தி, டயர்களில் சரியான காற்று வைத்து, அளவுநாடாவால் அளந்தோம். காலியாக இருந்தபோது சம்ப்புக்கு அடியில் ஏறத்தாழ 205 மில்லிமீட்டர் இருந்தது. ஆகவே அச்சிட்ட எண்ணைப் பொய் என்று சொல்ல முடியாது. வழக்கமாக நாங்கள் ஏற்றும் ஆட்களும் சுமையும் ஏறியதும் அதே இடத்தில் 165க்கு வந்துவிட்டது. ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஸ்பிரிங் இன்னும் அமுங்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டால், பாறைக்கு மேலே மிஞ்சும் இடம் எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இரண்டு வகை அளவுகள் புழங்குவதற்கு வரிச்சட்டத்திலும் ஒரு கதை உண்டு. நான்கு மீட்டருக்கு மேற்பட்ட நீளம், 1500 சி.சி.க்கு மேற்பட்ட என்ஜின், 170 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தரை இடைவெளி ஆகிய மூன்றும் இருந்தால் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி.க்கு மேல் 22 விழுக்காடு செஸ் என்னும் கூடுதல் வரி விதிக்கப்பட்டுவந்தது. எந்த நிலையில் அளப்பது என்ற கேள்விக்கு, 2023 ஜூலை 11 அன்று கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 50ஆவது கூட்டத்தில்தான், சுமை ஏற்றாத நிலை என்று தெளிவான விடை கிடைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கு அந்தச் செஸ் நீக்கப்பட்டு, பெரிய வண்டிகளுக்கு 40 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. வரி கணக்கிடுவதற்குக் காலி அளவு போதும். மலைப்பாதைக்கு அது போதாது என்பதை வாங்குபவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பல நிறுவனங்களின் விவரத்தாள்களில், எண்ணின் தலையில் ஒரு நட்சத்திரக் குறியும், தாளின் அடியில் பொடி எழுத்தில் "சுமையற்ற நிலை" என்ற குறிப்பும் இருக்கும். எங்களுக்குக் கொடுத்த தாளில் நட்சத்திரமும் இல்லை, குறிப்பும் இல்லை.

சுமையைப் போலவே, அளந்த இடத்தையும் கேட்டாக வேண்டும். எங்கள் பகுதியில் மூட்டை அடிக்கும் பழைய ஜீப்பின் ஓட்டுநர் ஒருவர், அடி கிழிந்த வண்டியைப் பார்த்துவிட்டு, "இதுக்கு லோடு ஏத்துனா வயிறு கீழ வந்துரும்ணே, நம்ம ஜீப்புக்கு ஹவுசிங் இருந்த இடத்துலயே இருக்கும்" என்று சொன்னார். விற்பனையகத்தில் எவரும் சொல்லாத முழு விளக்கமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. முழு ஆக்சில் உள்ள வண்டியில் தரைக்கு மிக அருகே தொங்குவது டிஃபரன்ஷியல் ஹவுசிங், அதாவது இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்களின் கூடு. அது சக்கரங்களோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், டயர் சற்று நசுங்குவதைத் தவிர, எவ்வளவு சுமை ஏற்றினாலும் அதன் உயரம் மாறாது. ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள சேஸிஸ் மட்டுமே இறங்கும். சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் வண்டியில் என்ஜினும் சம்ப்பும் உடலோடு பிணைந்திருப்பதால், சுமை ஏற ஏறத் தாழ்ந்த இடம் மேலும் தாழ்கிறது. அதனால் 210 என்று எழுதிய இரண்டு வண்டிகள் ஒரே பாதையில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மாருதி ஜிம்னியின் 210 மில்லிமீட்டர் பலருக்குக் குறைவாகத் தெரிகிறது; ஆனால் அதற்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில் என்பதை அந்த எண் சொல்வதில்லை. மஹிந்திரா தாரின் 226, ஃபோர்ஸ் குர்க்காவின் 233 ஆகியவற்றையும், முன்சக்கரங்கள் தனித்தும் பின்சக்கரங்கள் முழு ஆக்சிலிலும் இயங்குகின்றன என்பதை அறிந்தே படிக்க வேண்டும். காற்று சஸ்பென்ஷன் உள்ள லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்குச் சொல்லப்படும் 291 என்பது உடலை உச்சத்துக்கு உயர்த்திய நிலையின் அளவு. சாதாரணச் சாலையில் அது அந்த உயரத்தில் ஓடுவதில்லை.

இனிக் கோணங்கள். எங்கள் தாளில் இவற்றுக்கு வரிசையே இல்லை. மேட்டில் ஏறும்போது முன்பம்பர் தட்டுமா என்பதை அணுகுகோணமும், இறங்கி வரும்போது பின்பம்பர் தட்டுமா என்பதை விலகுகோணமும், மேட்டின் உச்சியில் வயிறு தட்டுமா என்பதை நடுக்கோணமும் காட்டுகின்றன. இதற்கும் ஜிம்னியே நல்ல சான்று. மூன்று கதவு ஜிம்னிக்கும் ஐந்து கதவு ஜிம்னிக்கும் தரை இடைவெளி அதே 210தான். சக்கர இடைநீளம் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2250 மில்லிமீட்டரிலிருந்து 2590 ஆனதால் மட்டுமே நடுக்கோணம் 28 டிகிரியிலிருந்து 24 ஆகக் குறைந்துவிட்டது. ஐரோப்பிய விதிகளும் காட்டுவழி வண்டி என்ற தகுதியை ஒற்றை எண்ணைப் பார்த்துக் கொடுப்பதில்லை. அங்கே கார் வகையில், முன் ஆக்சிலுக்கு அடியில் 180, பின் ஆக்சிலுக்கு அடியில் 180, இரண்டுக்கும் நடுவே 200 மில்லிமீட்டர் என்று மூன்று இடைவெளிகளையும், 25, 20, 20 டிகிரி என்று மூன்று கோணங்களையும் வைத்து, ஆறில் ஐந்தாவது தேற வேண்டும் என்கிறார்கள். இந்த ஆறு எண்களையும் எழுத்தில் தர மறுக்கும் விற்பனையாளரிடம் மலைப்பாதைக்கு வண்டி வாங்காதீர்கள்.

அடி தட்டிய பிறகு அதே விற்பனையகத்தின் ஊழியர் ஒருவர், தெரிந்த கடை ஒன்றுக்குப் போய் லிஃப்ட் கிட் போட்டால் இரண்டு அங்குலம் உயர்ந்துவிடும் என்று சொல்லி ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். இது இரண்டாவது பொறி. ஸ்பிரிங்குக்கு மேல் அலுமினிய வட்டு வைத்து உடலை உயர்த்தும் இந்த வேலையால், தனித்தியங்கும் முன்சக்கரங்களுள்ள வண்டியில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்து நின்று, அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழிகிறது. வீல் அலைன்மெண்டும் கெடுகிறது. வாரண்டியும் கையைவிட்டுப் போகிறது. முழு ஆக்சில் வண்டியிலோ ஹவுசிங் இம்மியும் உயராது, சேஸிஸ் மட்டும் உயரும். ஹவுசிங்கை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. அதிலும் விட்டம் கூடுவதில் பாதிதான் பலன். 245/75 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 774 மில்லிமீட்டர், 265/75 ஆர்16 டயருக்கு 804. முப்பது கூடினால் கிடைப்பது பதினைந்து. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ 406 மில்லிமீட்டர் இடைவெளியை எட்டியது, சக்கர மையத்திலேயே பல்சக்கரம் வைத்து ஆக்சிலை மேலே தூக்கிய அமைப்பால். கடையில் வட்டு வைத்து அதைப் பெற முடியாது. சட்டமும் துணைக்கு வராது. தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அந்தக் கடைக்கு நாங்கள் போகவில்லை.

இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதில் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வண்டி வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டாக வேண்டும். தவறான எண்ணைக் காட்டி விற்றதற்கான சான்று உங்களிடம் இருக்க வேண்டும் என்பதே இதில் கடினமான பகுதி.

புகார் குறித்து நாங்கள் அனுப்பிய அறிவிப்புக்கு விற்பனையகம் அனுப்பிய பதிலின் முதல் பத்தி, அப்படி ஒரு தாளைத் தாங்கள் யாருக்கும் கொடுத்ததே இல்லை என்கிறது. மூன்றாவது பத்தி, தாளில் உள்ளது அச்சுப்பிழை என்கிறது. இரண்டு பத்திகளையும், விற்பனையாளரின் எண்ணிலிருந்து வந்த வாட்ஸ்அப் படத்தையும், எடைமேடையில் அளந்தபோது எடுத்த படங்களையும் ஒன்றாக இணைத்துத் திண்டுக்கல் ஆணையத்தில் கொடுத்திருக்கிறோம்.